நிலா அடுப்பும் நான்காவது நோட்டும்

பிப்ரவரி 9

அண்ணனுக்கு,

போன் செய்தால் நீ எடுக்கமாட்டாய் என்று தெரியும். இருந்தாலும் ஆறு தடவை செய்தேன். ஏழாவது தடவை அண்ணி எடுத்தாள். "பக்கத்துலதான் உக்காந்திருக்கார், இல்லைன்னு சொல்லச் சொல்றார்" என்றாள். கடிதம் எழுதினால் படிப்பானா என்று கேட்டேன். "மருந்துச் சீட்டைக்கூட ரெண்டு தடவை படிக்கிற மனுஷன். நீ எழுது" என்றாள். எழுதுகிறேன்.

பதினேழு வருடத்தில் நாம் பேசிக்கொண்டது, அம்மா போன அன்று வாசலில் "சாப்பிட்டியா" என்று நான் கேட்டதும் "ம்" என்று நீ சொன்னதும்தான். எனவே நலம் விசாரிக்கும் பகுதியைத் தாண்டிப் போகிறேன்.

நான் நிலாவுக்கு ஓர் அடுப்பு செய்துகொண்டிருக்கிறேன். அடுத்த வருடம் அதன் துருவத்தில் இறங்கப் போகிற கலத்தில் ஏழு கிலோவுக்கு இடம் மிச்சம் இருக்கிறது. அதில் என் அடுப்பு போகும், இல்லையென்றால் பக்கத்து அறைக்காரர்களின் கேமரா போகும். ஏப்ரல் இருபதாம் தேதி குழு முடிவு செய்கிறது. வெயிலே படாத பள்ளத்திலிருந்து இரண்டு கிலோ மண்ணை அள்ளி, சூடாக்கி, அதில் உறைந்திருக்கும் பனியை ஆவியாக்கிப் பிடித்து, ஒரு குப்பியில் தண்ணீராகக் காட்ட வேண்டும். அவ்வளவுதான் அடுப்பின் வேலை.

இதனால் என்ன பயன் என்று குழுவுக்கு ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன். அதில் உன் வாக்கியங்கள் எத்தனை என்று நீயே எண்ணிக்கொள். பூமியிலிருந்து ஒரு லிட்டர் தண்ணீரை நிலாவில் கொண்டுபோய் இறக்க, அதைப்போலப் பல மடங்கு எடையுள்ள எரிபொருளை எரிக்க வேண்டும். அங்கேயே கிடைத்தால் குடிக்கலாம். மின்சாரம் பாய்ச்சிப் பிரித்தால் மூச்சுக்கு ஆக்சிஜன். அந்த ஆக்சிஜனையும் கூட வரும் ஹைட்ரஜனையும் குளிரவைத்துச் சேர்த்து எரித்தால் ராக்கெட்டுக்கு எரிபொருள். நிலாவின் இழுப்பு பூமியினுடையதில் ஆறில் ஒரு பங்குதான் என்பதால் அங்கே நிரப்பிக்கொண்டு கிளம்பும் கலம் வெகுதூரம் போகும். தங்குமிடத்தின் சுவருக்குள் விரற்கடை அளவு தண்ணீரை நிரப்பிவிட்டால் கதிர்வீச்சு உள்ளே வராது.

என் சிக்கல் இதுதான். இங்கே சோதனைக்காக மண்ணில் ஊற்றி உறையவைக்கிற தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு திரும்பி வருவதில்லை. எங்கே போகிறது என்று நான்கு மாதமாகத் தெரியவில்லை. இதே அடுப்பை நீ அன்றைக்கே செய்தாய். உன்னிடம் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போனதாக நினைவில்லை. வேலையை விட்டுப் போகும்போது ஐந்து நோட்டுகளையும் பையில் போட்டுக்கொண்டு போனாய். எனக்கு நான்காவது வேண்டும்.

சுண்டு


பிப்ரவரி 17

தங்கைக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். உன் அண்ணி சொன்னது சரிதான்.

குழுவுக்கு எழுதிய பக்கத்தில் முதல் ஐந்து வாக்கியங்களும் என்னுடையவை. ஆறாவது உன்னுடையது. அது தப்பு. விரற்கடை தண்ணீர் எதற்கும் ஆகாது. ஒரு மீட்டர் கனமாவது வேண்டும். அப்போதும் "வராது" என்று எழுதக்கூடாது, "குறையும்" என்று எழுத வேண்டும். திருத்திக்கொள்.

நான் இதையெல்லாம் சொன்ன காலத்தில் நம் ஆய்வகத்தில் என்ன நடந்தது என்பதும் உனக்கு நினைவிருக்கும். சோதனைப் பிரிவிலிருந்த அந்தக் கிண்டல்காரர் தினமும் காலையில் என் அறைக்குள் தலையை நீட்டி, "பனிக்கட்டி சார், நிலாவுக்குத் தண்ணி லாரி எப்போ கிளம்புது?" என்பார். அதையாவது பொறுத்துக்கொண்டேன். வெளியாள்.

அந்த நாளைப் பற்றி நீ உன் கடிதத்தில் ஒரு வரி எழுதவில்லை. நான் எழுதுகிறேன். ஏழு பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நிலா மண்ணுக்குப் பதிலாக நாம் அரைத்து வைத்திருந்த பாறைப்பொடியில் நூறு கிராம் தண்ணீரை ஊற்றி, உறையவைத்து, அடுப்பில் ஏற்றினேன். வந்தது நூற்று முப்பத்து நான்கு கிராம். தலைவர் குப்பியைப் பார்த்தார். "என்னப்பா இது, நிலாவுல தண்ணி குட்டி போடுதா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் மூன்றாவது நாற்காலியிலிருந்து நீ எழுந்தாய். "சார், ராத்திரி மழை பெஞ்சுது. பொடி காத்துல இருந்த ஈரத்தைக் குடிச்சிருக்கு. பெட்டி மூடி சரியா மூடல." அவர், "மூடிக்கு யார் பொறுப்பு?" என்றார். "நான்தான் சார்" என்றேன். பெட்டி என் பெயரில் இருந்தது. நீ உட்கார்ந்துகொண்டாய்.

நீ சொன்னது பொய் என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. ஒரு மணி நேரம் கழித்து, அறைக்கு வெளியே, என் காதில் சொல்லியிருக்கலாம். கூடப்பிறந்தவள் ஏழு பேர் முன்னால் எழுந்து நின்று சொன்னாள். மூன்று மாதத்தில் திட்டத்தை மூடினார்கள். ஒரு வருடத்தில் என் நாற்காலியில் நீ உட்கார்ந்தாய்.

நான் இப்போது ஒரு குடிநீர் அலுவலகத்தில் கசிவுப் பிரிவில் இருக்கிறேன். நிலையத்திலிருந்து கிளம்புகிற தண்ணீருக்கும் வீடுகளுக்குப் போய்ச்சேருகிற தண்ணீருக்கும் உள்ள வித்தியாசத்தைத் தேடுவது என் வேலை. காணாமல் போன தண்ணீரைக் கண்டுபிடிப்பதில் எனக்குப் பயிற்சி உண்டு. உனக்காகச் செய்வதில் விருப்பமில்லை.

நான்காவது நோட்டு வீடு மாறியபோது எங்கேயோ போய்விட்டது.

உதவிப் பொறியாளர், கசிவுப் பிரிவு


பிப்ரவரி 23

அண்ணனுக்கு,

ஆறாவது வாக்கியத்தைத் திருத்திவிட்டேன்.

அண்ணியிடம் பேசினேன். அலமாரியின் மேல்தட்டில், கம்பளிப் போர்வைக்குள், ஐந்து நோட்டும் பத்திரமாக இருக்கின்றனவாம். "அதை எடுத்துத் தூசி தட்டவும் விடமாட்டேங்கறார்" என்றாள். வீடு மாறியபோது காணாமல் போன நோட்டுக்குக் குளிருமென்று போர்வையா?

நீ தரமாட்டாய் என்றால் தராதே. ஆனால் உன் கடிதத்தில் ஒரு வரி என்னைப் பிடித்துக்கொண்டது. காணாமல் போன தண்ணீரைக் கண்டுபிடிப்பதில் பயிற்சி உண்டு என்கிறாய். சரி, இது ஒரு புகார் என்று வைத்துக்கொள். தெருவில் யாரோ வந்து கொடுத்த புகார்.

கிளம்பியது: நூறு கிராம். வந்து சேர்ந்தது: அறுபத்தாறு. மூன்று முறை செய்தோம், ஒரு கிராம் முன்னேபின்னே. அடுப்பு ஒரு படி அளவுப் பாத்திரம். சுற்றுச்சுவரில் சூடேற்றும் கம்பி. மேலே ஒரு குழாய், அதன் முனையில் குளிரவைத்த குப்பி. பள்ளத்தில் வெயில் கிடையாது. பேட்டரி நாற்பது நிமிடம்தான் தாங்கும், அதற்குள் முடிக்க வேண்டும். மூட்டுகள் எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தோம். கசிவு இல்லை. வால்வை மாற்றினோம். அப்படியும் அறுபத்தாறு.

என் உதவியாளர்களில் ஒருத்தி நேற்று, "மேடம், முப்பத்து நாலு கிராமை நாமளே சொட்டு சொட்டா ஊத்திடலாமா?" என்றாள். சிரித்தோம்.

அன்றைக்கு நான் எழுந்து நின்றதைப் பற்றி எழுதச் சொல்கிறாய். எழுதுவேன். இந்தக் கடிதத்தில் இல்லை.

சுண்டு


மார்ச் 2

தங்கைக்கு,

இது உதவி அல்ல. ஒரு புகார் வந்தால் பதில் போட வேண்டியது என் அலுவலக வழக்கம்.

முதலில் ஒன்று. இனி போன் செய்யாதே. போனில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் சண்டை வரும். கடிதம் என்றால் என் கோபம் தபால்பெட்டி வரைக்கும் நடந்து போக வேண்டியிருக்கிறது. பாதி வழியில் கொஞ்சம் இளைத்துவிடுகிறது.

முப்பத்து நான்கு. அன்றைக்குக் கூடுதலாக வந்ததும் முப்பத்து நான்கு. அந்த எண்ணுக்கு நம் குடும்பத்தின்மேல் என்ன வன்மமோ.

எங்களிடம் ஒருவர் இருக்கிறார். எல்லோரும் அவரைக் காது என்றுதான் கூப்பிடுவார்கள். என் வயதுதான் இருக்கும். ஆள் உயர இரும்புக்கம்பியின் ஒரு முனையைத் தரையில் ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்து, மண்ணுக்குக் கீழே குழாய் கசிகிற சத்தத்தைக் கேட்பார். போன வாரம் ஒரு தெருவில் கடைசிப் பன்னிரண்டு வீட்டுக்குத் தண்ணீர் போகவில்லை. மூன்று இடத்தில் தோண்டச் சொல்லிவிட்டேன். ஈரமே இல்லை. தெருக்காரர்கள் சுற்றி நின்று, "சார், புதையல் ஏதாவது ஆப்ட்டா எங்களுக்கும் பங்கு உண்டுதானே?" என்றார்கள். காது கம்பியை வைத்துக் கேட்டுவிட்டு என்னிடம் வந்தார்.

"குழாய் தூங்குது சார். சத்தமே இல்ல."

"அப்ப தண்ணி எங்கய்யா போச்சு?"

"எங்கயும் போகல. உள்ளதான் நிக்குது. நடுவுல ஒரு வால்வு பாதி மூடிக் கெடக்கு. நீங்க வெளிய வந்ததையே தேடறீங்க சார். வெளிய வராம உள்ள நிக்கறதை யாரு பாக்கறது?"

அவர் சொன்னது சரியாக இருந்தது. தெருவில் மூன்று பள்ளம் என் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

உன்னிடம் ஒரே ஒரு கேள்வி. ஓட்டம் முடிந்ததும் குப்பியிலுள்ள தண்ணீரை எடை போடுகிறீர்கள். அடுப்பிலுள்ள மண்ணை என்ன செய்கிறீர்கள்?

உதவிப் பொறியாளர், கசிவுப் பிரிவு


மார்ச் 9

அண்ணா,

கொட்டிவிடுகிறோம்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இந்த ஒரு சொல்லை எழுத எனக்கு ஐந்து நிமிடம் ஆயிற்று. நான்கு மாதமாக, ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பிறகும், மண்ணை அடிவழியாக அப்படியே ஒரு தொட்டியில் கொட்டிவிட்டு அடுத்ததற்குத் தயாரானோம். நிலாவில் அப்படித்தான் கொட்டியாக வேண்டும் என்பதால் இங்கேயும் அதே பழக்கம். ஒருவரும் எடை போடவில்லை. பதினோரு பேர், எல்லோரும் படித்தவர்கள்.

புதன்கிழமை எடை போட்டோம். முப்பத்து மூன்றரை கிராம் மண்ணுக்குள்ளேயே இருந்தது. நடுவில் கையை விட்டால் ஒரு கைப்பிடி அளவுக்குக் கட்டி, கல் மாதிரி. சுவரோரத்தில் சூடாகிக் கிளம்பிய ஆவி மேலே போவதற்குப் பதிலாக உள்பக்கம் போய், நடுவிலே இருக்கிற குளிர்ந்த மண்ணில் மறுபடி உறைந்துகொள்கிறது. நாற்பது நிமிடத்தில் அங்கே சூடு எட்டவில்லை. தண்ணீர் எங்கேயும் போகவில்லை. உள்ளேதான் நின்றது. காதுக்கு என் வணக்கத்தைச் சொல்.

இப்போது அடுத்தது. நடுவில் ஒரு துளைக்குழாயை நிறுத்தினால் ஆவி அதன் வழியே வெளியேறிவிடும். உன் அடுப்பில் அப்படி ஒன்று இருந்ததைப் பார்த்திருக்கிறேன். துளை சிறியதாக இருந்தால் பனி அடைத்துக்கொள்கிறது. பெரியதாக இருந்தால் பொடி உள்ளே கொட்டிவிடுகிறது. நீ எத்தனையோ அளவுகளைச் செய்து பார்த்துத்தான் ஒன்றைப் பிடித்தாய். மண்ணை உலர்த்தி, ஊற்றி, உறையவைத்து, ஓட்டி முடிக்க எனக்கு எட்டு நாள் ஆகும். இருபதாம் தேதிக்குள் நான்கு ஓட்டம், அதிகம் போனால் ஐந்து. தடவிப் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. சரியான அளவு கையிலிருந்தால் இரண்டே ஓட்டத்தில் குழுவுக்குக் காட்டிவிடலாம்.

நினைவிலிருந்து சொல்லாதே. நினைவை நம்பி எதையும் ராக்கெட்டில் ஏற்றமாட்டார்கள் என்று சொன்னவனே நீதான். நோட்டு வேண்டும் அண்ணா.

சுண்டு


மார்ச் 14

தங்கைக்கு,

குழாயின் படம் இத்துடன் இருக்கிறது. அடி மூடியிருக்க வேண்டும். துளைகள் கீழ்நோக்கிச் சரிந்து இருக்க வேண்டும்; நேராகப் போட்டால் பொடி உள்ளே வரும். அளவு ஒரு மில்லிமீட்டருக்கும் மூன்றுக்கும் நடுவில். அதற்குமேல் நினைவில்லை.

நோட்டு இருக்கிறது. தர முடியாது. காரணம் கேட்காதே.

உதவிப் பொறியாளர்


மார்ச் 21

அண்ணா,

மண்ணை முன்பே உலர்த்தி வைத்திருந்ததால், உன் படம் வந்ததும் ஒன்றரை மில்லிமீட்டரில் ஓட்டினோம். பனி அடைத்துக்கொண்டது, அறுபத்தொன்பது கிராம் வந்தது. எட்டு நாளில் மூன்று கிராம் முன்னேற்றம். கேமராக்காரர்கள் எங்களைப் பார்த்தால் இப்போது ரொம்ப மரியாதையாகப் பேசுகிறார்கள். அதிலிருந்தே தெரிகிறது.

நோட்டைக் கேட்டு இதை எழுதவில்லை. காரணம் கேட்காதே என்றாய், கேட்கவில்லை. நான் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. போன மாதமே எழுதுவேன் என்று சொல்லியிருந்தேன்.

அந்தக் கூட்டத்துக்கு முந்தைய நாள் சாயங்காலம் நீ வீட்டுக்குப் போன பிறகு மாப்பிள்ளை என்னைப் பார்க்க ஆய்வகத்துக்கு வந்திருந்தார். அப்போது எங்களுக்குக் கல்யாணம் பேசி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. எனக்குப் பெருமை அடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. "எங்க அண்ணன் நிலா மண்ணு செஞ்சு வெச்சிருக்கான், பாக்கறீங்களா?" என்றேன். பெட்டியைத் திறந்து ஒரு சிட்டிகை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். அவர் முகர்ந்து பார்த்துவிட்டு, "நிலான்னு சொன்னதும் வேற மாதிரி வாசனை இருக்கும்னு நெனச்சேன், இது சிமென்ட் மாதிரி இருக்கே" என்றார். சிரித்துக்கொண்டே மூடியை மூடினேன். அதற்கு நாலு கொக்கி. மூன்றைப் போட்டேன். நாலாவதைப் போட்டேனா என்று எனக்கு நினைவில்லை. ராத்திரி முழுவதும் மழை.

காலையில் குப்பியில் நூற்று முப்பத்து நான்கைப் பார்த்ததும் அந்த அறையில் என்ன நடந்திருக்கும் என்று தெரிந்தது எனக்கு மட்டும்தான். அதனால்தான் அவ்வளவு வேகமாக எழுந்தேன். ஈரத்தைப் பற்றிச் சொன்னேன், மூடியைப் பற்றிச் சொன்னேன். "யார் பொறுப்பு?" என்று தலைவர் கேட்டபோது வாயைத் திறக்க எனக்கு ஒரு நொடி இருந்தது. அந்த நொடியில் நீ "நான்தான் சார்" என்றாய். நான் உட்கார்ந்துகொண்டேன். நீ எழுதியிருந்தது சரி. உட்கார்ந்துகொண்டேன்.

பிறகு ஒவ்வொரு வாரமும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். நீ வேலையை விட்டாய். அதற்குப் பிறகு சொன்னால் எதற்காகச் சொல்கிறாள் என்று ஆகிவிடும். மாப்பிள்ளைக்குத்தான் தெரியும். வருடத்துக்கு ஒரு தடவை கேட்பார், "உங்க அண்ணன்கிட்ட சொன்னியா?" இந்த வருடம் கேட்கவில்லை. அதுதான் எனக்கு உறைத்தது.

இருபதாம் தேதி குழுவிலும் இதைச் சொல்லப் போகிறேன். பழைய அடுப்பு ஏன் தோற்றது என்று கட்டாயம் கேட்பார்கள். பதினேழு வருடம் ஒரு கொக்கியை மறைத்தவளின் அடுப்பை எதை நம்பி அனுப்புவது என்றும் கேட்கலாம். கேட்கட்டும்.

சுண்டு


மார்ச் 28

சுண்டு,

உன் கடிதத்தைப் படித்ததும் ஒன்று தோன்றியது. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: சந்தோஷம். பதினேழு வருடமாக நான் சொல்லிக்கொண்டிருந்ததைவிட உன் தப்பு பெரியதாக இருக்கிறதே என்ற சந்தோஷம். உன் அண்ணியிடம் படித்துக் காட்டினேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "சரி. இப்ப உங்களுதை எப்ப எழுதப் போறீங்க?" என்றாள். அவளிடம் நான் எதையும் சொன்னதே இல்லை. தூசி தட்டவிடாத நோட்டைப் போர்வையோடு சேர்த்து எப்போதோ எடுத்துப் படித்திருக்கிறாள்.

மூன்று நாள் கழித்து இதை எழுதுகிறேன்.

நான்காவது நோட்டு இத்துடன் வருகிறது. அறுபத்தோராம் பக்கத்தைப் பார். பதினோராவது ஓட்டம். துளை இரண்டு புள்ளி இரண்டு மில்லிமீட்டர், அறுபது பாகைச் சரிவு. ஊற்றியது நூறு, வந்தது தொண்ணூற்றேழு. உனக்கு வேண்டியது அதுதான்.

இப்போது தாளைத் திருப்பு. அறுபத்திரண்டு. கூட்டத்தன்று காலை எட்டு மணி. உலர்ந்த பொடி, முந்தைய நாள் மாலை எடை: இரண்டாயிரம் கிராம். காலை எடை: இரண்டாயிரத்து முப்பத்தெட்டு. என் கையெழுத்து. அந்த முப்பத்தெட்டைச் சுற்றி வட்டம் போட்டிருப்பதும் என் பேனாதான்.

எனக்குத் தெரியும் சுண்டு. தண்ணீரை ஊற்றுவதற்கு முன்பே தெரியும். பொடி ஈரம் குடித்திருக்கிறது, இன்றைக்கு ஓட்டக்கூடாது என்று வட்டம் போட்டு எழுதிவிட்டு நிமிர்ந்தேன். வாசலில் நாற்காலிகளை இழுத்துப் போடுகிற சத்தம். தலைவர் வந்துவிட்டார். கிண்டல்காரர் வந்துவிட்டார். "இன்னிக்கு இல்லைங்க, நாளைக்கு வாங்க" என்று சொன்னால் தண்ணி லாரி இன்னும் ஒரு வருடம் என் அறை வாசலில் நிற்கும். ஓட்டினேன். கூடுதலாக வந்தால் யாரும் கவனிக்கமாட்டார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். படித்தவன் நினைக்கிற நினைப்பா அது? நினைத்தேன்.

ஆகவே நீ எழுந்து சொன்னபோது எனக்கு வந்த கோபம் நீ பொய் சொன்னதற்காக இல்லை. நான் சொல்லியிருக்க வேண்டியதை நீ சொன்னதற்காக. அன்றைக்குப் பிறகு உன்னைத் திட்டிக்கொண்டே இருந்தால் இந்தப் பக்கத்தைத் திறக்க வேண்டியதில்லை என்று கண்டுகொண்டேன். நல்ல ஏற்பாடு. பதினேழு வருடம் வேலை செய்தது.

உன் முதல் கடிதம் வந்த அன்றே அறுபத்திரண்டைக் கிழித்துவிட்டு நோட்டை அனுப்பலாமா என்று அலமாரியைத் திறந்தேன். அறுபத்தொன்றும் அதே தாள்தான். உனக்கு வேண்டிய எண்ணைக் கிழிக்காமல் என்னுடையதைக் கிழிக்க முடியாது. தாளைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு போர்வைக்குள்ளேயே வைத்துவிட்டேன். அதன் பிறகுதான் "வீடு மாறியபோது போய்விட்டது" என்று எழுதினேன்.

குழுவில் நீ கொக்கியைப் பற்றிச் சொல்வதானால் வட்டத்தைப் பற்றியும் சொல். தனியாகச் சொல்லாதே, தாளைத் திருப்பிக் காட்டு.

நாலாவது கொக்கியை நீ போடாவிட்டாலும் காலையில் எடை பார்த்தவன் நான்.

அண்ணன்


ஏப்ரல் 21

அண்ணா,

இரண்டு ஓட்டம். இரண்டு புள்ளி இரண்டு. தொண்ணூற்றாறு, தொண்ணூற்றேழு.

நேற்றுக் குழுவில் நான்கு மணி நேரம் உட்கார்ந்தோம். உன் பழைய தலைவர் இப்போது இல்லை. ஆனால் குழுவில் ஐந்தாவது ஆளாக யார் உட்கார்ந்திருந்தார் தெரியுமா? கிண்டல்காரர். தலை முழுக்க நரைத்துவிட்டது. பழைய அடுப்பு ஏன் தோற்றது என்று முதலில் கேட்டவரும் அவர்தான். நோட்டை மேசைமேல் வைத்து அறுபத்தொன்றைக் காட்டினேன். பிறகு தாளைத் திருப்பினேன். வட்டத்தைக் காட்டினேன். கொக்கியைப் பற்றிச் சொன்னேன். மாப்பிள்ளையின் உள்ளங்கையைக்கூட விடவில்லை. கிண்டல்காரர் நோட்டைத் தன் பக்கம் இழுத்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டத்தில் வைத்துப் படித்தார்.

"அப்ப அந்த அடுப்பு சரியாத்தான் வேலை செஞ்சிருக்கு. நூத்தி முப்பத்தெட்டு இருந்துது, நூத்தி முப்பத்து நாலு எடுத்திருக்கு. தொண்ணூத்தேழு சதவீதம். நாமதான் சிரிச்சுட்டோம்" என்றார்.

அண்ணா, உனக்கு இது தோன்றவே இல்லையா? எனக்கும் தோன்றவில்லை. நீ வட்டம் போட்ட எண்ணையும் தலைவர் சிரித்த எண்ணையும் நாம் இரண்டு பேரும் ஒரு தடவைகூடப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

பிறகு அவர் கேட்டார். "பனிக்கட்டி சார் இப்ப எங்க இருக்கார்?"

"தண்ணி லாரி அனுப்பற ஆபீஸ்லதான் சார்" என்றேன்.

முதலில் அவர்தான் சிரித்தார். ஆனால் பாதியிலேயே நிறுத்திவிட்டார்.

அடுப்பு போகிறது. ஆனால் ஏழு கிலோவும் எங்களுக்கு இல்லை. அரைக் கிலோவைக் குறைத்துக் கேமராவின் சின்ன வடிவம் ஒன்றுக்கு இடம் விட வேண்டும். குறைத்துவிடுவோம். ஒரு வேளை அந்தப் பள்ளத்தில் பனியே இல்லாமல் போகலாம். அப்போது உலகத்திலேயே தூரமான இடத்தில் வெறும் மண்ணை வறுத்தவள் என்று பெயர் கிடைக்கும். இருந்தால், இரண்டு கிலோ மண்ணிலிருந்து ஒரு தம்ளர் தண்ணீர். அதைக் குடிக்க அங்கே யாரும் இல்லை. ஆனால் ஒரு தம்ளர் எடுக்க முடிந்தால் ஒரு தொட்டி எடுக்க முடியும். தொட்டி இருந்தால் ஆள் தங்கலாம், அங்கிருந்து கிளம்பலாம். நீ என்னை சைக்கிளில் பின்னால் உட்காரவைத்துச் சொன்னதுதான் எல்லாம்.

இன்னொன்று. நீ போன பிறகு ஆய்வகத்தில் ஒரு விதி போட்டார்கள். எந்தப் பெட்டியை மூடினாலும் பதிவேட்டில் இரண்டு கையெழுத்து வேண்டும். "மூடியவர்", "பார்த்தவர்". பதினேழு வருடமாக ஒவ்வொரு நாளும் அதில் கையெழுத்துப் போடும்போது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்.

ஜூன் பன்னிரண்டாம் தேதி அடுப்பின் மூடியைக் கடைசியாக மூடுகிறோம். அதன் பிறகு நிலாவில்தான் திறக்கும். "மூடியவர்" என்ற இடத்தில் நான் போடுகிறேன். "பார்த்தவர்" என்ற இடத்தில் உன் பெயரை எழுதி அனுமதி வாங்கிவிட்டேன். வரமாட்டேன் என்றால் முன்னதாகச் சொல், வேறு ஆள் பார்க்க வேண்டும்.

நோட்டு என் மேசைமேல் இருக்கிறது. போர்வை இல்லாமல்.

சுண்டு


ஏப்ரல் 27

சுண்டு,

ஒரு தம்ளர் என்று எழுதாதே. இரண்டு கிலோ மண்ணில் ஐந்து சதவீதம் என்றால் நூறு கிராம். அரைத் தம்ளர். குழுவில் இப்படிச் சொல்லியிருக்கமாட்டாய் என்று நம்புகிறேன்.

தொண்ணூற்றேழு சதவீதம் என்று நீ எழுதிய வரியை இரண்டு தடவைக்குமேல் படித்தேன். முப்பத்தெட்டை வட்டம் போட்டவனுக்குக் கூட்டத் தெரியாமல் போயிருக்கிறது. காதிடம் சொன்னேன். முழுவதையும் சொன்னேன், இங்கே யாரிடமும் நான் நிலாவைப் பற்றிப் பேசியதில்லை. கம்பியைத் தோளில் சாய்த்துக்கொண்டு கேட்டார். கடைசியில், "அப்ப அந்தத் தண்ணியும் உள்ளதான் நின்னுருக்கு சார்" என்றார். தெருவில் தோண்டிய மூன்று பள்ளத்தில் இரண்டை மூடிவிட்டார்கள். மூன்றாவதை இந்த வாரம்.

ஜூன் பதினொன்று காலை வண்டிக்குச் சொல்லிவிட்டேன். உன் அண்ணியும் வருகிறாள். "உங்க ரெண்டு பேரையும் ஒரு அறையில தனியா விடமாட்டேன்" என்கிறாள். மாப்பிள்ளையையும் வரச் சொல். அவர் கையைக் கழுவிக்கொண்டு வரட்டும்.

எனக்குச் சில நிபந்தனைகள் உண்டு. காலையில் அடுப்பை எடை போட வேண்டும். மாலையில் எழுதிய எடையோடு ஒரு கிராம் ஒத்துப்போகாவிட்டாலும் யார் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாலும் எழுப்பி அனுப்பிவிடுவேன். மூடும்போது யாரிடமும் பேசக்கூடாது. சிரிக்கக்கூடாது. கொக்கிகளை நீ ஒவ்வொன்றாகச் சத்தமாக எண்ணிப் போட வேண்டும்.

நாலாவதைப் போட்டுவிட்டு என்னைப் பார். நான் பார்த்துக்கொண்டுதான் இருப்பேன்.

அண்ணன்